மணிக்கூண்டைச் சுற்றிப் போனவன்

புஷ்வண்டி தள்ளுகிறவனுக்குக் கால் இருந்தால் போதும், வழி தெரிய வேண்டியதில்லை. அவன் பின்னால் நின்று தள்ளுவான். முன்சக்கரத்தைத் திருப்புகிற கம்பி, வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர் கையில் இருக்கும். அவர் இழுத்த பக்கம் வண்டி போகும், வண்டி போகிற பக்கம் இவன் போவான். நெல்லித்தோப்புப் பக்கிரி அப்படிப் பதினெட்டு வருஷம் தள்ளினான். புதுச்சேரி முழுக்கச் சுற்றியும் அவன் அதிகம் பார்த்தது மனிதர்களுடைய பிடரியைத்தான். தொப்பி வைத்த பிடரி, குடுமி வைத்த பிடரி, கொண்டை போட்ட பிடரி.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு உழவன் வீட்டுப் பிள்ளை அவன். குத்தகை நிலம் கைவிட்டுப் போனதும் பதினெட்டு வயதில் டவுனுக்கு வந்தான். வந்த மூன்றாம் மாதம், அப்பாவுக்கு ஒரு வேட்டி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான். அவர் வேட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வேலையைப் பற்றித்தான் விசாரித்தார்.

"கம்பி யார் கையில இருக்கும்?"

"ஏறினவங்க கையில."

"பொம்பளைங்களும் ஏறுவாங்களா?"

"ஏறுவாங்க. வெள்ளக்கார மதாமுங்க, டீச்சருங்க, எல்லாரும்."

அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "மேழி புடிச்சவன் மவன், மாடா ஆயிட்டான்" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். மழை வராது என்று சொல்வதுபோலச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை பக்கிரி மறந்திருப்பான்.

இன்னொரு குறையும் இருந்தது அவனுக்கு. மீசை வளரவில்லை. உதட்டின் இரண்டு ஓரத்திலும் எண்ணி ஏழெட்டு முடி, நடுவில் ஒன்றுமில்லை. கால்கள் தேக்கு மாதிரி, தோள் வண்டிமாட்டுத் திமில் மாதிரி. ஆனால் கண்ணாடியில் அவன் கண் போவது அந்த உதட்டுக்குத்தான். காலையில் புறப்படுமுன் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, சுண்டுவிரலால் ஒரு கோடு இழுத்துக்கொள்வான். தூரத்திலிருந்து பார்த்தால் மீசைதான். வெயில் ஏறி வேர்த்தால் வழியும். தோள்துண்டால் ஒற்றி ஒற்றிக் காப்பாற்றிக்கொள்வான்.

முதலியார்பேட்டைத் தனக்கொடியைக் கட்டிக்கொண்டு வந்து ஐந்தாறு நாள்தான் ஆகியிருந்தது. உச்சிவேளையில் சாப்பிட வந்தவன் குடத்துத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு நிமிர்ந்தான். மீசை கரைந்து மோவாய்வரை வந்துவிட்டது. தனக்கொடி பார்த்தாள். பதினாறு வயசுப் பெண், சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்து அவன் உதட்டைத் துடைத்தாள்.

"எதுக்கு இந்தக் கரி? இது இல்லாமலே மூஞ்சி நல்லாத்தானே இருக்குது."

பின்பாதி அவன் காதில் ஏறவில்லை, சிரிப்பு மட்டும் ஏறியது. கை தானாகப் போய்விட்டது. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். எதற்கு அடி வாங்கினோம் என்று சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை. அன்று அவள் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று, இந்த மனுஷன் எதிரில் சிரிக்கக்கூடாது. பதினோரு வருஷம் அதைக் காப்பாற்றினாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மற்றப் பெண்களோடு அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். பக்கிரியின் தலை தெருமுனையில் தெரிந்தால் அறுத்தாற்போல நின்றுவிடும். அது அவனுக்கும் தெரியும். தன்னைப் பற்றித்தான் சிரித்திருப்பாள் என்று முடிவுகட்டிக்கொள்வான்.

பெரிய கடை மணிக்கூண்டடிதான் வண்டிக்காரர்கள் நிற்கிற இடம். சவாரி இல்லாத நேரத்தில் அங்கே பேச்சுக்குக் குறைவில்லை. அரிகிருஷ்ணன் என்று ஒருவன், பக்கிரிக்கு மூத்தவன், பெரிய வாய்.

"என்னா பக்கிரி, இன்னிக்கு மருத்துவச்சியம்மா உன்ன எந்தப் பக்கம் திருப்பிச்சு?"

"போண்ணே."

"கோச்சிக்காதடா. எனக்கு இங்கயும் கம்பி அடுத்தவங்க கையில, வூட்டுலயும் உங்க அண்ணி கையில. ரெண்டு எடமும் ஒண்ணுன்னா மனசுக்கு நிம்மதி பாரு."

எல்லோரும் சிரிப்பார்கள், அரிகிருஷ்ணனே முதலில் சிரிப்பான். அதோடு விட்டுவிட்டு அடுத்த சவாரியைப் பார்ப்பார்கள். பக்கிரியால் மட்டும் விட முடியாது. துண்டில் முடிந்து எடுத்துப்போவதுபோல அந்தப் பேச்சை வீட்டுக்கு எடுத்துப்போவான்.

மருத்துவச்சி ஸ்டெல்லாமேரி அம்மாள் அவனுடைய வாடிக்கை. பெரியாசுபத்திரியில் பிரசவம் பார்க்கிறவர். தினம் காலையில் அவரைக் கொண்டுபோய் விடவேண்டும். கெட்டிக் கை. குழி வருமுன் கம்பியை ஒரு இம்மி திருப்புவார், சக்கரம் குழியைத் தொடாமல் போய்விடும். "மெதுவா, பக்கிரி" என்பதைத் தவிர அதிகம் பேசமாட்டார். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. பகலெல்லாம் அம்மா, சரிங்கம்மா, வந்துட்டேம்மா. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தால் அவன் கம்பியைக் கையில் எடுப்பான்.

"செம்ப எடு. அங்க வெக்காத, இங்க வை. விளக்க தள்ளி வை. இவ்ளோ தூரமா? கிட்ட வை."

தனக்கொடி எடுப்பாள், வைப்பாள், தள்ளுவாள், இழுப்பாள். தாமதமானால் அடி. சில நாள் தாமதம் ஆகாவிட்டாலும் அடி. அக்கம்பக்கத்தில் இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அடிக்காத வீடு எது என்று இருந்த தெரு அது. பக்கத்து வீட்டு அமிர்தவல்லி மட்டும் ஒருதரம் அவனை நிறுத்தி, "வண்டி தள்ற கையாச்சேடா, அடி தாங்குவாளா அவ?" என்று கேட்டாள். அவன் அவளுக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

ஒரு மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமி பார்க்கப் புறப்பட்டார்கள். வாசலில் வண்டி துடைத்து வைத்திருந்தது. தனக்கொடி அதன் மெத்தையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "ஏங்க, ஒரே ஒரு தடவ ஏறி ஒக்காந்துக்கட்டா? கால் வலிக்குது" என்றாள்.

"நீ கம்பி புடிப்ப, நான் தள்ளணும். மணிக்கூண்டு வழியா. அதானே?"

அவள் மெத்தையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். சவாரியில்லாமல் வண்டியைத் தள்ளும்போது முன்சக்கரம் இஷ்டத்துக்குத் திரும்பாமலிருக்கக் கம்பியைக் கயிற்றால் கட்டுவது வழக்கம். பக்கிரி இறுக்கிக் கட்டினான். வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் முன்னே போக, பத்தடி பின்னால் அவள் நடந்து வந்தாள்.

பத்து வருஷம் வயிறு திறக்கவில்லை. அதற்கும் மணிக்கூண்டடியில் பேச்சு இருந்தது, அவன் இல்லாதபோது. அவன் வந்ததும் அடங்கிவிடும், ஆனால் அடங்கின பேச்சுக்கு ஒரு சத்தம் உண்டே. பதினோராவது வருஷம் தனக்கொடி உண்டானாள். பக்கிரி மணிக்கூண்டடியில் எல்லோருக்கும் சுருட்டு வாங்கிக் கொடுத்தான். அந்த ஏழெட்டு மாதம் அடியும் குறைவு. வளைகாப்புக்கு இரண்டு கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். வளையல் குலுங்க அவள் நடமாடியபோது வீட்டில் ஏதோ பேச்சுச் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. இன்னொரு வருஷம் அப்படியே போயிருந்தால் அவன் திருந்தியிருப்பானோ என்னவோ.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், ஆடி மாதம், எட்டாம் மாசம் அவளுக்கு. பக்கிரி சாப்பிட்டுவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். உள்ளே பாத்திரம் விழுந்தது. போய்ப் பார்த்தால் தனக்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், புடவை நனைந்து தரையில் ரத்தம். அமிர்தவல்லி ஓடிவந்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இது வூட்டு வைத்தியம் இல்லடா. பெரியாசுபத்திரிக்கு போ. ஏத்து வண்டியில."

"மாட்டு வண்டி எதுனா பாத்துட்டு வரேன்."

"மாட்டு வண்டியா? வாசல்ல நிக்கிறது என்னா?"

"இரு, வரேன்."

நெல்லித்தோப்பில் நாலு வீட்டில் போய்க் கேட்டான். ஒரு வண்டி திருக்கனூர் போயிருந்தது. ஒன்றுக்கு மாடு இல்லை. மற்ற இரண்டும் எங்கே போயினவென்று யாருக்கும் தெரியவில்லை. அரைமணி நேரம் இருக்கும். திரும்பி வந்தபோது அமிர்தவல்லியே தனக்கொடியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து புஷ்வண்டியில் உட்காரவைத்திருந்தாள். கயிற்றை அவிழ்த்துக் கம்பியை அவள் கையில் கொடுத்திருந்தாள்.

"புடிச்சிக்கோடி. விடாத. நான் உங்கம்மாவ கூட்டிக்கினு பின்னாலயே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அமிர்தவல்லி முதலியார்பேட்டைப் பக்கம் ஓடினாள்.

பக்கிரி தள்ளினான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல்தரம் அவள் அவனுக்கு முன்னால் போனாள். பிடரியில் வேர்வை. கொண்டை அவிழ்ந்து தொங்கியது. டவுனைச் சுற்றி ஓடுகிற புல்வார்ச் சாலையைத் தொட்டதும் நேரே போனால் பெரிய கடை, மணிக்கூண்டு, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆசுபத்திரி. உச்சிவேளை. வண்டிக்காரர்கள் எல்லோரும் நிழலில் உட்கார்ந்திருக்கிற நேரம். அரிகிருஷ்ணன் இருப்பான், ராமலிங்கம் இருப்பான். பார்ப்பார்கள். பொண்டாட்டி கம்பி பிடிக்க இவன் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்ப்பார்கள். எவனும் இன்றைக்கு ஒன்றும் சொல்லமாட்டான், அவ்வளவுதான். அடுத்த வாரம் சொல்லுவான். அடுத்த வருஷம் சொல்லுவான்.

"வடக்கால திருப்பு" என்றான்.

தனக்கொடி திரும்பிப் பார்த்தாள். "நேராதானே ஆசுபத்திரி?"

"சொன்னா திருப்பு."

அவள் திருப்பினாள். பதினோரு வருஷப் பழக்கம் அது.

புல்வாரோடு வடக்கே போய், வைத்திக்குப்பம் சுற்றி, கடல் ஓரமாகத் தெற்கே இறங்கினாலும் ஆசுபத்திரி வரும். இரண்டு மடங்கு தூரம், அவ்வளவுதான், ஓடினால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். மணலைக் கணக்கில் சேர்க்கவில்லை. குப்பத்தைத் தொட்டதும் முன்சக்கரம் புதைந்தது. அவன் தோளைக் கொடுத்து முட்ட, வண்டி துள்ளி மறுபடி புதைந்தது. கம்பி வெட்டி இழுத்து அவள் கைகளை உதறியது. வளையல்கள் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவள் "அம்மா" என்றாள், கம்பியை விடவில்லை.

கட்டுமரத்தோரம் மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். அவர்களில் மூத்தவள் ஆயம்மா. வண்டியில் இருப்பவளைப் பார்த்தாள், வழியும் ரத்தத்தைப் பார்த்தாள்.

"இன்னாடா இது? புள்ளத்தாச்சிய வெச்சிக்கினு மணல்ல வந்துட்ட? ரோட்டுக்கு என்னா கேடு?"

அவன் மறுபடி தோளைக் கொடுத்து முட்டினான். "தூக்குங்கடி" என்றாள் ஆயம்மா. ஆறு பெண்கள், மீன் செதில் ஒட்டின கைகள். வண்டியை அவளோடு சேர்த்துத் தூக்கி, கெட்டித் தரைவரை கொண்டுபோய் வைத்தார்கள். அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள், நின்றான். அந்த அவமானம் அந்த நேரத்திலும் அவனுக்கு உறைத்தது.

அப்புறம் கடல் ஓரமாக ஓடினான். தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினான்.

ஆசுபத்திரியில் தனக்கொடியின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. ஸ்டெல்லாமேரி அம்மாள்தான் பிரித்தார். உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். கதவு திறந்திருந்தது, கட்டிலில் தனக்கொடி கிடந்தது தெரிந்தது.

"புள்ள உயிரோட இல்ல, பக்கிரி. ரத்தம் ரொம்ப போயிருக்குது. எப்ப கண்டுச்சு? நெல்லித்தோப்புலேர்ந்து எந்த வழியா வந்தீங்க?"

"பெரிய கடை வழியாத்தாம்மா. நேரா."

மருத்துவச்சி கட்டில் பக்கம் திரும்பினார். தனக்கொடியின் கண் திறந்திருந்தது. பக்கிரி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் உதடு அசைந்தது.

"ஆமாம்மா. நேராத்தான் வந்தோம்."

அதுதான் அவள் கடைசியாகப் பேசினது. அமிர்தவல்லியும் தாயாரும் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வெயில்கூட இன்னும் தாழவில்லை.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை பக்கிரி வழக்கம்போல மருத்துவச்சி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். அவர் வெளியே வந்து, ஏறாமல் நின்றார்.

"நாளையிலேர்ந்து வேற வண்டி சொல்லிக்கிறேன்."

"ஏம்மா?"

"அன்னிக்கு உன் சக்கரத்துல கடல் மணல் இருந்துது" என்றார். குடையை விரித்துக்கொண்டு நடந்தே போனார்.

பக்கிரி குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு மணிக்கூண்டடிக்குப் போனான். "அந்த மருத்துவச்சிதான் என் பொண்டாட்டிய கொன்னா, நேரா கொண்டுபோய் விட்டேன், கையாலாகாதவ, கொன்னுட்டா" என்றான். ராமலிங்கம் வெற்றிலைப் பையை நீட்டினான். அரிகிருஷ்ணன்கூட வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து பொம்பளைச் சவாரி ஏற்றமாட்டேன் என்று வைத்துக்கொண்டான். டீச்சர் ஒருத்தி கூப்பிட்டால் காறித் துப்புவான். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்று பெண்களைக் கேவலமாகப் பேசுவான், அவர்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மருத்துவச்சியிலிருந்து மீன்காரிவரை ஒருத்தி மிச்சமில்லை அவன் வாய்க்கு. பொம்பளை சிரித்தால் குடி கெடும் என்பான். மணிக்கூண்டடியில் முதலில் சிலர் அதற்குச் சிரித்தார்கள். நாள் ஆக ஆக, அவன் ஆரம்பித்தால் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

வண்டி அவனுக்கு அடங்கவில்லை. கம்பியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவான். புல்வாரைத் தொட்டதும் கயிறு முறுகுகிற சத்தம் கேட்கும். முன்சக்கரம் வடக்கே திரும்பும். நேராக்கித் தள்ளினால் மறுபடி வடக்கே. மணலில் அச்சு கோணியிருக்கும் என்று கொல்லனிடம் காட்டினான். அவன் படுத்துப் பார்த்து, "அச்சு அம்சமா இருக்குது. உனக்குத்தான் தோணுது" என்றான். இரட்டைக் கயிறு போட்டும் முறுகியது. கம்பியின் பிடியில் சுற்றியிருந்த நூலை ஒருநாள் அவிழ்த்தபோது உள்ளே ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு இருந்தது, நகத்தளவு. அதை எடுத்து எறியப் போனான். எறியாமல் மறுபடி நூலைச் சுற்றிவிட்டான். உச்சிவெயிலில் ஓடும்போது வண்டியில் ஆம்பிளைச் சவாரிதான் உட்கார்ந்திருக்கும். திடீரென்று அந்தப் பிடரியில் அவிழ்ந்த கொண்டை தெரியும். "நேராதானே ஆசுபத்திரி?" என்று கேட்டுத் திரும்பும். அதைக்கூட அவன் தாங்கிக்கொள்வான். தாங்க முடியாதது மற்றொன்று. "ஆமாம்மா, நேராத்தான் வந்தோம்." அடி வாங்கினவள் அப்படி ஏன் சொன்னாள்? பயத்திலா? சாகப்போகிறவளுக்கு இவனிடம் இன்னும் என்ன பயம்? பரிதாபத்திலா? அதை நினைத்தாலே அவன் பல்லைக் கடித்துக்கொள்வான். அன்றைக்கெல்லாம் எதிரில் வருகிற முதல் பொம்பளைக்கு வசவு நிச்சயம்.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று.

முப்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் ஒருநாள், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால். பெரிய கடை மீன் வரிசையிலிருந்து கூச்சல் கேட்டது. கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு நிறைமாதக்காரிக்கு வலி கண்டுவிட்டது. நாலு பேர் தாங்கி மணிக்கூண்டடிக்குக் கூட்டிவந்தார்கள். கூட வந்த தாய்க்கு அறுபது வயதிருக்கும். ராமலிங்கம் சவாரி போயிருந்தான். அரிகிருஷ்ணன் சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டு, கையெல்லாம் வண்டி மசியோடு உட்கார்ந்திருந்தான். மிச்சம் இருந்தது பக்கிரியின் வண்டிதான்.

"வண்டி யாருது?" என்றாள் கிழவி.

பக்கிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "பொம்பளைங்கள நான் ஏத்தறதில்ல."

கிழவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்தது. ஆயம்மா. மீன் செதில் ஒட்டின கை.

அவள் சண்டை போடவில்லை. மகளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் அவன் வண்டியிலேயே உட்காரவைத்தாள். அந்தப் பெண்ணால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. ஆயம்மாவே முன்னால் வந்து, கயிற்றை மீன் கத்தியால் அறுத்து, கம்பியைத் தன் கையில் பிடித்துக்கொண்டாள். பிறகு திரும்பி, கடைத்தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"தள்ளு. இந்தத் தடவையாவது மணல்ல சுத்தாம, நேரா போ."

மணிக்கூண்டடியில் அத்தனை பேரும் இருந்தார்கள். வெற்றிலைக் கடைக்காரன், சுமைக்காரர்கள், அரிகிருஷ்ணன், பூக்காரிகள். பக்கிரி யார் முகத்தையும் பார்க்கவில்லை. உதட்டில் கரி வழிவது தெரிந்தது, துடைக்கக் கை போகவில்லை, இரண்டு கையும் வண்டியில் இருந்தன. தள்ளினான். ஆயம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினாள். வண்டி ஒரு இம்மிகூட வடக்கே இழுக்கவில்லை. எத்தனை சீக்கிரம் வந்துவிட்டது ஆசுபத்திரி என்பதுதான் அவனை அடித்தது. ஒரு சுருட்டுப் பாதி எரியும் நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா தூரம்? இவ்வளவேதானா?

அந்தப் பெண்ணுக்கு உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்தது. அழுகைச் சத்தம் வாசல்வரை கேட்டது. ஆயம்மா வெளியே வந்து அவனைத் தேடினாளோ என்னவோ, அவன் நிற்கவில்லை.

மணிக்கூண்டடிக்குத் திரும்பி வந்தான். அரிகிருஷ்ணன் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தான். பக்கிரி அவன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். யாராவது முதலில் சிரிக்கட்டும் என்று காத்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் அவனே பேசினான்.

"எந்த மணல்னு கேக்கலியா?"

"எதுக்கு கேக்கறது?"

"நாலு வருஷமா பொய் சொன்னேன். அன்னிக்கு இந்த வழியா வரல. நீங்க எல்லாம் பாப்பீங்கன்னு வைத்திக்குப்பம் சுத்தி கொண்டுபோனேன் அவள."

அரிகிருஷ்ணன் அச்சாணியைத் தட்டி இறக்கினான். மசிக் கையைச் சாக்கில் துடைத்தான். அவசரப்படவில்லை.

"அன்னிக்கு கப்பல் வந்த நாள்டா. இங்க ஒரு நாய்கூட இல்ல. நாங்க அத்தன பேரும் கடல் பாலத்தண்ட சவாரிக்கு நின்னுக்கினு இருந்தோம்."

பக்கிரி தலையைத் தூக்கினான்.

"பாத்தோம்" என்றான் அரிகிருஷ்ணன். "கடலோரமா நீ தலைய கவுத்துக்கினு தள்ளிக்கினு வந்தத, அந்தப் பொண்ணு கம்பிய கட்டிப்புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தத, எல்லாம் பாத்தோம். ராமலிங்கம் ஓடிப்போயி ஒரு கை கொடுக்கலாம்னுகூட சொன்னான். நீ ஆசுபத்திரி தெருவுல திரும்பிட்ட."

"அப்புறம் ஏன் யாரும் ஒண்ணும் சொல்லல?"

"என்னா சொல்றது? நேராத்தான் வந்தேன்னு சொன்ன. பொண்டாட்டிய பறிகொடுத்தவன். சரின்னு விட்டோம்."

"சிரிக்கலியா அன்னிக்கு?"

அரிகிருஷ்ணன் சாக்கைக் கீழே போட்டான். அத்தனை பெரிய வாய்க்காரன், இதற்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அதுல சிரிக்கிறதுக்கு என்னாடா இருந்துது?"

பக்கிரி எழுந்தான். துண்டின் முனையால் உதட்டை அழுத்தித் துடைத்தான். துண்டு கறுத்தது, ஏழெட்டு முடி மட்டும் மிஞ்சியது. யாரும் பார்க்கிறார்களா என்று அவன் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பினான். அறுந்த கயிறு தரையில் கிடந்தது, எடுக்கவில்லை. கட்டாத கம்பியோடு வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

புல்வார் முனையில் முன்சக்கரம் வடக்கே திரும்பியது. இந்த முறை அவன் நேராக்கவில்லை.

"டேய் பக்கிரி" என்று பின்னாலிருந்து அரிகிருஷ்ணன் கூப்பிட்டான். "நெல்லித்தோப்பு அந்தப் பக்கம் இல்லடா."

கேட்டிருக்கும். வெயில் சுள்ளென்று அடித்தது. பக்கிரி தலையை நிமிர்த்தி, வெறும் மெத்தையைப் பார்த்துக்கொண்டே தள்ளிப் போனான், கம்பி திரும்பின பக்கம்.